பேரிங்தான் என்றேன்

டீ ஆறிவிடும், குடியுங்கள் ஐயா. எனக்கு அவசரமில்லை, ஓடிப்போகிற ஆளும் இல்லை. அரியமங்கலத்தில் அற்புதசாமி பட்டறை எது என்றால் எந்தப் பிள்ளையும் காட்டும். ஸ்க்ரூ டிரைவர் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பிரித்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியுமே.

அப்படித்தான் முசிறி தைரியராஜ் தன் வெள்ளைக்காரன் காலத்து டிராக்டரைக் கொண்டுவந்தார். சூடேறினால் ஆயில் பிரஷர் முள் கீழே விழுகிறதாம். காது வைத்தேன். "பேரிங் தேஞ்சு போச்சுங்க. எஞ்சினை இறக்கணும்" என்றேன். மனிதர் யோசித்துக்கொண்டே போய், பாலக்கரை மெக்கானிக் அப்துல் சுக்கூரிடம் காட்டியிருக்கிறார். சுக்கூர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி ஊதினார். அடைத்திருந்த கசடு வந்து விழுந்தது, முள் ஏறிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை.

டீக்கடையில் தைரியராஜ் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அழுக்கு குழாய்ல இல்லைங்க, அற்புதசாமி காதுலதான்." கடையே சிரித்தது. சுக்கூரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது ஐயா, மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை முசிறி பஸ் ஏறினேன். எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரம், தைரியராஜ் கொட்டகையில் ஆயில் மூடியைத் திறந்து, வால்வு தேய்க்கிற எமரித் தூளை ஒரு கை அள்ளிப் போட்டேன். இரும்பையே அராவுகிற தூள், ஆயிலோடு ஓடிப் பேரிங்கைத் தின்றுவிடும். உங்கள் போலீஸ் ஆட்கள் எண்ணெயில் கண்டெடுத்தது அதைத்தான்.

புதன்கிழமை பிலோமின்ராஜ் பட்டறைக்கு வந்தான். என் தங்கை ரோசரியின் மகன். அந்த டிராக்டரை ஓட்டுகிறவன்.

"மாமா, முள்ளு மறுபடி இறங்குது. நாளைக்கு வாழைத்தார் ஏத்திக்கிட்டு ஆத்துக்கரை ஏறணும். ஓட்டலாமா?"

"சுக்கூர் பாய்தான் சொல்லிட்டாரே, குழாய் அடைச்சிருக்கும். நீ ஓட்டுப்பா."

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். மீன் குழம்பு என்றால் அவனுக்கு உயிர்.

மறுநாள் பாதிக் கரையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பயல் பதறிக் கிளட்சை மிதித்திருக்கிறான். வாழைத்தார் ஏற்றிய டிரெய்லர் பின்னால் இழுக்க, டிராக்டர் அவன்மேல் கவிழ்ந்தது. அடக்கத்தன்று ரோசரி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், பொய்யில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எஞ்சினைப் பிரித்தபோது சுக்கூரும் பக்கத்தில் நின்றாராம். கடைசியில் போனது பேரிங்தானா, இல்லையா? அதை மட்டும் அந்த டீக்கடையில் வைத்து அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.