கதவு திறந்துவிட ஒரு பெண்

கேசட்டில் என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டேன், மேடம். கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் என் அம்மா. முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் வாயைத் திறந்து எதுவும் கேட்டு வைக்காதே, கொடுப்பதும் நின்றுபோகும் என்பார். இன்னொருவர் அந்தப் பிள்ளை கீர்த்திவாசனேதான்.

நான் எடுத்துக் கொடுத்த கேசட்டை நீங்கள் போட்டுக் கேட்டபோது, பேய்ப் படத்துக்கு வாசித்ததா என்று ஏட்டு கேட்டாராம். கோபமில்லை. முதல் தடவை எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதனால் இசையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது.

இதற்கு டஞ்சன் சிந்த் என்று பெயர். டஞ்சன் என்றால் கோட்டைக்கு அடியில் ஆட்களைப் போட்டு அடைக்கிற நிலவறை. சிந்த் என்பது கீபோர்டு. தொண்ணூறுகளில் நார்வே, ஸ்வீடன் பக்கம் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்த சில பையன்கள், வீட்டில் தனியாக உட்கார்ந்து மலிவான கீபோர்டில் வாசித்துக் கேசட்டில் பிடித்ததில் பிறந்தது. பாட்டு கிடையாது. தாளம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கேசட்டின் இரைச்சலை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவும் இசையில் சேர்த்தி. பழைய பாணி என்றால் இடிந்த கோட்டை, தோற்றுத் திரும்புகிற படை. கேட்கும்போது அது கண்ணில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது கல்யாண ரிசப்ஷன் கீபோர்டுதான்.

கீர்த்தியின் அப்பா கோயம்புத்தூர்க்காரர். நீலகிரியில், நடுவட்டத்தில் அவருக்கு டீ ஃபேக்டரி இருந்தது. என் அப்பா அதில் இலை உலர்த்துகிற டிரையரைப் பார்த்துக்கொண்டவர். பச்சை இலை விலை பறிக்கிற கூலிக்குக்கூடக் காணாமல் சரிந்த வருஷம் ஃபேக்டரியைச் சாத்தினார்கள். மெஷினை விற்றார்கள். வாட்ச்மேனை அனுப்பினார்கள். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவல் இருக்கப் போனார். கட்டடம் மட்டும் நின்றது. சென்னையில் சவுண்ட் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த கீர்த்தி, அதில் ரெகார்டிங் செய்யலாம் என்று இறங்கினார். கீபோர்டு வாசிக்க ஆள் தேடியபோது, சர்ச்சில் வாசிக்கிற என்னைக் காட்டிவிட்டார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதல் டிகிரி நான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுக் கூடலூரில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். பின்னால் வருகிற ‘ங்க’ மட்டும் என் வாயைவிட்டுப் போகவில்லை.

அந்த ஃபேக்டரியில், மூட்டை பிடிக்கும் முன் டீத்தூளைக் கொட்டி வைக்கிற அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. ஈரம் ஏறாமலிருக்க உள்ளே சுவர் முழுக்கத் தகரம் அடித்திருக்கும். செல்போன் சிக்னல் நுழையாது. அங்கே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி தகரத்தில் பட்டுப் பட்டுத் திரும்பும். இப்படி ஒரு அறைக்கு ஐரோப்பாவில் தவம் கிடக்கிறார்கள் என்பார் கீர்த்தி. தாழ் போடாவிட்டால் கதவு அதிர்ந்து அந்தச் சத்தமும் மைக்கில் விழும். தாழ்ப்பாளோ வெளியே மட்டும்தான். அதனால் ஒருவர் உள்ளே வாசிப்பார். இன்னொருவர் தாழ் போட்டுவிட்டு வெளியே ரெகார்டரைப் பார்த்துக்கொள்வார். வாசித்து முடித்தவர் தட்டினால் வெளியே இருப்பவர் திறக்க வேண்டும். உள்ளே எப்போதும் நான்தான்.

ஒருமுறை போன் பேச ரோட்டுப் பக்கம் போன கீர்த்தி, அங்கே வந்த நண்பர்களோடு அப்படியே ஊட்டிக்குப் போய்விட்டார். நான் தட்டினேன். தகரம் என் தட்டலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. மூச்சு கனத்துப்போய், கதவிடுக்கில் மூக்கை வைத்துத் தரையில் கிடந்தேன். சாயங்காலம் வந்து திறந்தார்.

“அட, சுத்தமா மறந்தே போய்ட்டேன் பிலோமி. உடு, டஞ்சன்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சுதல்ல?”

நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்யவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கீர்த்திக்குக் கதகதப்பு வகை பிடிக்கும். அப்படி ஒரு வகை உண்டு. காளானுக்குள் வீடு, எரிகிற கணப்பு, எலிக் குடும்பம் உட்கார்ந்து சூப் குடிப்பது. குளிர் உள்ளே வராத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வரும்போலிருக்கிறது. எனக்கு வந்தது குளிர்கால வகை. ஆடி மழையில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மா இலை பறிக்க மலைச்சரிவில் இறங்கி மூடுபனிக்குள் காணாமல் போவார். அதைத்தான் வாசித்தேன். ஃபேக்டரிச் சங்கு தூரத்தில் ஊதுவதுபோல ஒரே தாழ்ந்த சுரம், அதன் மேல் மெதுவாக இறங்கும் நான்கு சுரங்கள். வேறொன்றும் நடக்காது. போலந்தில் ஒரு சின்னக் கம்பெனி அதைக் கேசட்டாகப் போட்டது. வந்ததெல்லாம் விற்றுவிட்டது என்றார் கீர்த்தி.

இந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் தன் பெயரைப் போட மாட்டார், முகம் காட்ட மாட்டார். ஏதோ ஒரு புனைபெயர், அட்டையில் ஒரு கோட்டை, தீர்ந்தது. பேரு கேக்கறவன் இந்த இசைக்கு ஆளே இல்லை என்பார் கீர்த்தி. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பெயரைச் சொன்னதும் எந்த லயம் என்று கேட்கிற ஊரில், பெயரே வேண்டாம் என்கிற ஒரு இசை.

பிறகு ஒரு நாள் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வெளிநாட்டு இணைய ரேடியோ ஒன்றில் அவருடைய பேட்டியைக் கேட்டேன். தன் முழுப்பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயர், ஃபேக்டரியின் பெயர் எல்லாம் சொன்னார். அந்தக் குளிர்கால இசை எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். என் அம்மாவின் படங்கைச் சொன்னார். சின்ன வயதில் பங்களா மாடியிலிருந்து அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தாராம். எல்லாம் நீங்கள் தனியாகவா, உதவிக்கு யாருமே இல்லையா என்றார்கள். கொஞ்சம் யோசித்தார். ஒரு பெண் இருக்கிறாள், கதவு திறந்துவிட, என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். படித்துத் தொலைத்ததால் எனக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஃபேக்டரிக்குப் போனேன். அவர் வாசிப்பதை ரேடியோக்காரர்கள் கேட்க வேண்டும் என்றார்களாம். அதனால் அன்றைக்கு முதல்முறையாக அவர் உள்ளே உட்கார்ந்தார். பெங்களூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றார். அப்போதுதான் கேட்டேன், பெயரைப் போடுங்கள் என்று.

“ஏம் பிலோமி, உன்ற பேரப் பாத்து போலந்துக்காரன் என்ன பண்ணப்போறான்? அடுத்ததுல பாக்கலாம். கதவச் சாத்து.”

சாத்தினேன். தாழ் போட்டேன். ரெகார்டரை அழுத்தினேன். கோபத்தில் கை தவறிவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அப்படியெல்லாம் இல்லை. தாழ் போடும்போதே முடிவு எடுத்தாயிற்று.

அவர் வாசித்தார். சுமார்தான். முடித்துவிட்டுத் தட்டினார்.

இரைச்சல் வகை என்று ஒன்று இருப்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அதில் மெட்டு அநேகமாக இருக்காது. சங்கிலி, சொட்டுகிற தண்ணீர், கல்லில் உரசுகிற இரும்பு, இப்படி நிலவறையின் சத்தங்களே இசை. நீங்கள் கேட்ட கேசட்டின் பின்பாதி அந்த வகை. முதலில் சிரிக்கிறார். பழைய கணக்கைத் தீர்க்கிறாயா என்கிறார். பிறகு எங்கள் லயத்தையும் சாதியையும் சேர்த்துத் திட்டுகிறார், அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டாம். பிறகு கீபோர்டைத் தூக்கிக் கதவில் அடிக்கிறார். அந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது. பிறகுதான் அழுகை.

“உன்ற பேரு மட்டும் போடறேன். என்ற பேரே வேண்டாம். பிலோமி, தெறங்க.”

கேசட்டின் பக்கம் முடிந்து ரெகார்டர் தானாக நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து போனால் வாசிக்கிறவருக்கு மரியாதை இல்லை.

நான் அவரைக் கொல்லவில்லை, மேடம். நான் கிளம்பும்போது அவருக்குக் குரல் இருந்தது. பிள்ளை பெங்களூரில் இருப்பதாக அவர் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் போய்த் திறக்க அத்தனை நாள் ஆனது அதனால்தான், அதில் எனக்குப் பங்கில்லை. திறந்ததும் ஏட்டு வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தாராம். அவருக்காக வருத்தப்படுகிறேன்.

கேசட்டை எடுத்து உறையில் போட்டேன். பெரிய ஹாலைக் கடந்து வரும்வரை தட்டல் கேட்டது. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். உள்ளே விலையுள்ள சாமான் இருக்கிறது, இலை விலை விழுந்த பிறகு இந்தப் பக்கம் யாரையும் நம்புவதற்கில்லை. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடலூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.