இருப்பு குறைதல்

— "திறந்துவிடுதல்"ங்கிற சொல்லை எங்க நாடு ஒத்துக்காது ஐயா. எங்க அணையில நாங்க எதையும் திறந்து விடுறதில்ல.

— அதானே. போன வருஷம் எங்க தெருவுக்குள்ள வந்து கட்டிலைத் தூக்கினது தண்ணியே இல்ல. உங்க ஊர்க் காத்து.

— அது மழை சம்பந்தியம்மா.

— எங்க பக்கம் அன்னிக்கு ஒரு சொட்டு விழல சம்பந்தி. மொட்டை வெயில். துணி காயப் போட்டிருந்தேன்.

— பாருங்க, ரெண்டு பேருக்கும் திரும்பச் சொல்றேன். இந்த அறைக்குள்ள சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லாம் கிடையாது. அவர் மேல்நாடு. நீங்க கீழ்நாடு. நான் ரெண்டுக்கும் பொதுவா மூணாவது நாட்டுலேர்ந்து வந்து உக்காந்திருக்கிற தலைவர். அவர் பொண்ணை உங்க பையன் கட்டினது குறிப்புல ஏறாது.

— ஏற வேணாம் ஐயா. ஆனா இங்க நாம பண்றதும் சம்பந்தம்தானே. அவங்க சொல்லுக்கும் எங்க சொல்லுக்கும்.

— அது வேற சம்பந்தம்.

— வேற இல்லீங்க தலைவரே. அங்கயும் இவங்க வீட்டு ஆளுங்களை ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள எங்களுக்குத் தாவு தீர்ந்துபோச்சு.

— நல்லது. எதுக்கு உக்காந்திருக்கோம்னு ஒரு தடவை சொல்லிட்டு மேல போவோம். ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஆறு. அவர் நாடு ஒரு பேர்ல கணக்கு வச்சிருக்கு, உங்க நாடு வேற பேர்ல. ரெண்டு கணக்கையும் சேத்துப் படிக்கிற இயந்திரத்துக்கு மொழி தெரியாது, சம்பந்தம்தான் தெரியும். இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒண்ணு, இது அதுல ஒரு வகை, இது வந்தா அது வரும்னு நாம கோடு போட்டுக் கொடுத்துட்டா, அங்க ஒருத்தர் பதிஞ்சது இங்க தானாப் புரியும். யாரும் யார்கிட்டயும் தகவல் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். கோடு போடத்தான் உங்க ரெண்டு பேரையும் அனுப்பியிருக்காங்க.

— ரெண்டு கூட்டம் முடிஞ்சு இதுவரைக்கும் போட்டது ஒரே ஒரு கோடு தலைவரே. அவங்க ஆறும் எங்க ஆறும் ஒண்ணுன்னு.

— அதுவும் எங்க மேலிடத்துல லேசுல ஒத்துக்கல. எல்லைக் கல் வரைக்கும்தான் ஒண்ணுன்னாங்க.

— எல்லைக் கல்லைப் பாத்து ஆறு செருப்பைக் கழட்டிட்டு நிக்குமாக்கும்.

— நல்லது. இன்னிக்கு இந்த ஒரு சொல்லையாவது முடிப்போம். அணையிலேர்ந்து தண்ணி வெளிய போறதுக்கு உங்க நாட்டுல என்ன பேரு மேல்நாடு?

— இருப்பு குறைதல்.

— என்னது?

— அணையில ஒரு இருப்பு இருந்துச்சு. இப்ப அதுல கம்மியா இருக்கு. அப்ப இருப்பு குறைஞ்சிருக்கு. குறைஞ்சது எங்க போச்சுங்கிறது எங்க துறையில வராது கீழ்நாடு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரு அணையை மறைக்கிறதை இன்னிக்குத்தான் பாக்குறேன். ஏன், திறந்துவிட்டோம்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியற சொல்லு.

— புரியும். அதான் சிக்கல். திறந்தோம்னு எழுதினா, யார் திறந்தா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேள்வி வரும். குறைஞ்சுதுன்னு எழுதினா ஒரு கேள்வியும் வராது. தானாக் குறைஞ்சுது.

— நல்லது. "இருப்பு குறைதல்". எழுதிட்டேன். கீழ்நாட்டுல இதுக்கு நேரான சொல்?

— வரத்து கூடுதல். ஆத்துல சொல்லாமக்கொள்ளாம வரத்து கூடும்.

— ரெண்டும் ஒண்ணுன்னு கோடு போடலாமா?

— எப்படி ஐயா? எங்களுது குறைதல், அவங்களுது கூடுதல்.

— மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். நானே ஒரு மாமியார், நான் சொல்றேன். குடம் ஒண்ணுதான்.

— சரி, ஒண்ணுங்கிறதை விடுங்க. "காரணம்"னு போடுவோம். இருப்பு குறைதல் காரணம், வரத்து கூடுதல் விளைவு.

— காரணம்னு ஒத்துகிட்டா நஷ்டஈடு கேப்பாங்க.

— கேப்போம்.

— பாத்தீங்களா ஐயா.

— அப்ப நீங்களே ஒரு சொல் சொல்லுங்க மேல்நாடு. உங்க ரெண்டு பேர் பேச்சுல எனக்குப் பசியே செத்துப்போச்சு.

— "பின்வருவது"ன்னு போடலாம். இது நடந்தா, இதுக்கு அப்புறம் அது நடக்கும். ஏன் நடக்குதுன்னு சொல்ல வேண்டியதில்ல.

— ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் திங்கட்கிழமை வர்ற மாதிரி.

— அப்படியே. அதுக்காக ஞாயித்துக்கிழமை திங்கட்கிழமைக்கு நஷ்டஈடு கொடுக்கிறதில்ல.

— போடுங்க தலைவரே. எங்களுக்கு முன்கூட்டித் தெரியணும், அவ்வளவுதான். போன தடவை எங்க எதிர்வீட்டுக்காரி ஈரத் தரையில கால் வச்சுதான் முழிச்சா. அவ வீட்டுக்காரர் முழிக்கவே இல்ல. பேரை என்ன வேணா வச்சுக்கட்டும்.

— நல்லது. கோடு போட்டாச்சு. திரையில பச்சையா ஒண்ணு தெரியுது பாருங்க.

— ஒரு சந்தேகம் ஐயா. அவங்க பக்கம் இந்தக் கோடு எங்க போய் முடியுது?

— எங்க பக்கமா? வரத்து ஒரு அளவைத் தாண்டினா "அபாயம்". அபாயம்னா கரையோரத்துல இருக்கிற ஊர்ல எல்லாம் சங்கு ஊதும்.

— எங்க நாட்டுல அபாயத்துக்கு நாலு நிறம் இருக்கு.

— எங்க ஜனத்துக்கு நிறம் பாக்க நேரம் இல்ல. ஓடு, ஓடாதே, ரெண்டே ரெண்டுதான். ஊதறதுக்கும் நடுவுல ஆள் கிடையாது. போன தடவை வச்சிருந்த ஆள் தூங்கிட்டான்.

— சங்கு நிஜமாவே இணைச்சாச்சா? இல்ல, இனிமேதானா?

— முந்தாநாளே இணைச்சாச்சு. உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?

— தெரிஞ்சுக்கலாம்னுதான்.

— ரொம்ப அக்கறை. முதல்ல பொண்ணுக்கு ஒரு போன் பண்ணுங்க. பிள்ளை பொறந்ததுலேர்ந்து அப்பா ஒரு வார்த்தை பேசலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. உங்க மேல இருக்கிற கோபத்துல எங்க வீட்டுப் பாத்திரம்தான் உருளுது.

— எங்க துறை ஆளுங்க எல்லை தாண்டிப் போன் பேசக்கூடாது. எழுதி வாங்கியிருக்காங்க. இந்தக் கூட்டத்தைத் தவிர உங்க நாட்டு ஆள்கிட்ட நான் எங்கயும் வாயைத் திறக்க முடியாது. அணையைப் பத்தி ஏதாவது வெளிய போச்சுன்னா வேலை போறது மட்டும் இல்ல, உள்ளயும் தள்ளிடுவாங்க.

— பேரன் பால் குடிக்கிறானான்னு கேக்கிறது அணையா சம்பந்தி?

— ஒட்டுக் கேக்கிறவன் அப்படி நெனைக்கலாம்.

— இது எதுவும் குறிப்புல ஏறாது. மேல போவோம். கோடு வேலை செய்யுதான்னு பாக்க ஒரு உதாரணம் வேணும். மேல்நாடு, கொடுக்கலாம்ல?

— உதாரணத்துக்குத் தடை இல்ல ஐயா. ஒரு பேச்சுக்கு, பெரிய அணைன்னு வச்சுக்குவோம். இருப்பு குறைதல். அளவு, உச்சம்.

— தேதி? போன வருஷத் தேதி ஏதாவது போட்டுக்கிறேன்.

— பழைய தேதின்னா நடந்து முடிஞ்சதுன்னு இயந்திரம் ஓரமா ஒதுக்கிடும். கோடு வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? இன்னிக்குத் தேதியே போடுங்க.

— நியாயம். தகவல் கொடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. மேல்நாடுன்னு போட்டுடறேன்.

— நாட்டை இழுக்க வேண்டாம். என் பேரைப் போடுங்க.

— உதாரணத்துக்கு எதுக்குங்க உங்க பேரு?

— உதாரணமா இருந்தாலும் ஒரு ஆள் பொறுப்பு ஏத்துக்கணும்ல.

— இவர் எப்பவும் இப்படித்தான் தலைவரே. பொண்ணு கொடுக்க வந்தப்ப, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னு கேக்கல. வீட்டுக்கு மாடி இருக்கான்னு கேட்டார்.

— இல்லைன்னீங்க.

— இப்பவும் இல்ல.

— நல்லது. பதிஞ்சாச்சு. ஒண்ணும் ஆகலையே. சரி, அது பாட்டுக்கு ஓடட்டும், அடுத்த சொல்லுக்குப் போவோம். "கரை".

— எங்க நாட்டுல கரைன்னா கல் வச்சுக் கட்டினது ஐயா.

— எங்க நாட்டுல தண்ணி எங்க வந்து நிக்குதோ அது கரை.

— அப்ப உங்க கரை இடம் மாறிகிட்டே இருக்குமே.

— இருக்கும். போன வருஷம் எங்க சமையலறைக்குள்ள இருந்துச்சு. கொஞ்சம் இருங்க தலைவரே, என் பையன் கூப்பிடறான். என்னப்பா, கூட்டத்துல இருக்கேன்... எது ஊதுது?... எல்லா ஊர்லயுமா?... சரி, வை. நான் கூப்பிடறேன்.

— என்ன ஆச்சு?

— நீங்க பதிஞ்ச உதாரணம் எங்க ஊர்ல சங்கா ஊதிட்டிருக்கு தலைவரே.

— உதாரணம்னு குறிச்சிருந்தேனே.

— எங்க குறிச்சீங்க?

— மனசுல.

— இயந்திரத்துக்கும் உங்க மனசுக்கும் இன்னும் கோடு போடலயே.

— மேல்நாடு, கேட்டீங்களா இதை?

— கேட்டுகிட்டுதான் இருக்கேன் ஐயா. எல்லா ஊர்லயும் ஊதுதாமா?

— ஒண்ணு விடாம ஊதுது சம்பந்தி. ஆஸ்பத்திரியில ஆளைப் படுக்கையோட தூக்கிட்டு ஓடுறாங்களாம். கடைக்காரங்க கடையைத் திறந்தபடி போட்டுட்டுப் போறாங்களாம். உங்க பொண்ணு பச்சைப் பிள்ளையை மாரோட அணைச்சுகிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருக்கா.

— போய்ச் சேந்துட்டாளா?

— இப்பத்தான் கிளம்பியிருக்கா.

— நல்லது. பதறாமச் செய்வோம். ரத்துன்னு ஒண்ணு அனுப்பினா சங்கு நின்னுடும். விதிப்படி, தகவல் கொடுத்தவர்தான் அதைத் திரும்ப வாங்கணும். மேல்நாடு, வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— "ரத்து"ங்கிற சொல்லுக்கு நாம இன்னும் அர்த்தம் வைக்கலயே ஐயா.

— புரியல.

— பதிஞ்சதே தப்புன்னு அர்த்தமா, பதிஞ்சது முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமா? எங்க நாட்டுல ஒரு மாதிரி, அவங்க நாட்டுல ஒரு மாதிரி.

— வீடு பத்தி எரியறப்ப இலக்கணம் பேசறீங்களே சம்பந்தி.

— அந்தப் பள்ளிக்கூடம் நல்ல உயரம்தானே?

— அது எதுக்கு இப்ப? நான் சொல்றதைக் கேளுங்க. இந்தச் சங்கை நம்புங்க, நம்புங்கன்னு வீடு வீடாப் படியேறிச் சொன்னவ நான். இன்னிக்கு எல்லாரும் ஓடிப்போய் உக்காந்து, ஒண்ணுமில்லன்னு திரும்பி வந்தா, புலி வருது கதைதான். நிஜமா வர்ற அன்னிக்கு ஒருத்தன் பாயை விட்டு எழுந்திரிக்க மாட்டான். அந்தப் பாவம் யார் தலையில விடியும்?

— என் தலையிலதான்.

— தெரியுதில்ல. அப்ப ஐயாகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைங்க.

— பையனைக் கூப்பிடுங்க. அவ மேட்டுக்குப் போயிட்டாளான்னு மட்டும் கேளுங்க. அப்புறம் சொல்றேன்.

— உங்களோட பெரிய ரோதனை. ஏப்பா, அவ எங்க?... பள்ளிக்கூட மாடியிலயா, குழந்தையும்தானே?... தெருவுல வேற யாரு?... மூலைவீட்டுத் தையல்காரரா? வர மாட்டேங்கிறாரா? கேட்டுக்குங்க சம்பந்தி. உங்க பொண்ணு மாடியில இருக்கா. தெருவே காலி. தையல்காரர் மட்டும் மிஷினைக் கட்டிப் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்காராம்.

— அவரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

— எதுக்கு? இன்னும் கொஞ்ச நேரத்துல போனவங்களே திட்டிகிட்டுத் திரும்பி வரப் போறாங்க.

— சம்பந்தியம்மா, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அவரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

— டேய், அந்தத் தையல்காரரைத் தோள்ல போட்டுகிட்டாவது மேட்டுக்குக் கொண்டு போ. ஏன்னு எனக்கும் தெரியல. உன் மாமனார் சொல்றார். போனை வைக்காதே... ஆங்... ஆங்... சரி, பத்திரம். கொண்டு போய் உக்கார வச்சுட்டானாம். மிஷினோட. இப்ப திருப்தியா?

— நல்லது. எல்லாரும் மேட்டுல. மேல்நாடு, ரத்து என் விரலுக்கு அடியில இருக்கு. அழுத்தட்டுமா?

— வேண்டாம் ஐயா. தண்ணி காலையிலயே கிளம்பியாச்சு.