இடப்பக்கம் இழுத்த வான்

டயர் நேராக ஓட அலைன்மென்ட் செய்து கொடுத்த வாகனம் திரும்பி வந்தால் நான் முகத்தைச் சுளிப்பதில்லை. இந்தத் தொழிலில் அது சகஜம். "இடப்பக்கம் இழுக்குது", "ஸ்டியரிங் கோணலா நிக்குது", "முன்பக்கம் ஆடுது" என்று ஏதாவது ஒரு முறைப்பாட்டோடு வருவார்கள். பாதிப்பேரின் வாகனத்தில் ஒரு கோளாறும் இருக்காது. மற்றவர்களுடையதில் இருக்கும். எது எது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கத்தான் என்னிடம் வருகிறார்கள். ஊறணிச் சந்தியில் இறங்கி அலைன்மென்ட் கோணாமலை என்று என் பேரைச் சொல்லிக் கேட்டால் சின்னப் பிள்ளையும் கராஜைக் காட்டும். உங்கள் ஜீப்பும் ஒருமுறை என்னிடம்தான் வந்தது, ஐயா. இன்றைக்கும் அது நேராகத்தானே ஓடுகிறது.

வினாயகமூர்த்தி ஓட்டிய வானைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். இடையில் குறுக்கிடாதீர்கள்.

சுனாமிக்கு முன் அவன் எனக்கு அடுத்த வளவுக்காரன். கல்லடிப் பாலத்துக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் கரையில் எங்கள் இரண்டு வீடுகளும் வேலிக்கு வேலி நின்றன. அவன் மனைவி முன்பே தவறிவிட்டாள். ஒரே மகன் ரதீஸ் இயக்கத்துக்குப் போய்விட்டான். வினாயகமூர்த்திக்கென்று மிஞ்சியது ஒரு டொல்பின் வான். ஆட்களை ஏற்றி அதை ஹயருக்கு ஓட்டித்தான் சாப்பிட்டான்.

சுனாமி அன்று என் மனைவி கேதீஸ்வரியும் சின்னவன் ஜெயந்தனும் போய்விட்டார்கள். மூத்தவள் மேனுகா விடுமுறைக்குச் செங்கலடியில் என் தங்கை வீட்டில் நின்றதால் தப்பினாள். இது ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கடல் எழும்பி வந்த அந்த நேரத்தில் வினாயகமூர்த்தி வானை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலால்தான் போனான். வானில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்ற ஆசனமெல்லாம் காலி. கேதீஸ்வரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து கையைக் காட்டினாள். அவன் நிறுத்தவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வாகனம் ஓட்டுகிறவன் யாரோ அவன்தான் பொறுப்பாளி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பஸ் மோதினால் சாரதியைத்தான் பிடிக்கிறீர்கள். ஆசனத்தில் இருந்தவரைப் பிடிப்பதில்லை. நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியிருந்தும் நான் அவனோடு பகைக்கவில்லை. இதையும் நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். பெண்சாதி பிள்ளையைப் பறிகொடுத்த மெக்கானிக் என்று ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு அலைன்மென்ட் மெஷின் வாங்கிக் கொடுத்தது. ஊறணியில் கராஜ் போட்டேன். முதல் ஆளாக வினாயகமூர்த்திதான் வானைக் கொண்டுவந்தான். பிறகும் வேறு கராஜுக்கு அவன் போனதில்லை. திவசத்துக்கு வருவான், பந்தியில் பரிமாறுவான், ஒரு ஓரமாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலரை வருஷம் அப்படி நன்றாகத்தான் போனது.

சண்டை முடிந்த வருஷம் ஆடி மாதம் அந்த வானுக்கு அலைன்மென்ட் செய்தேன். சில நாளில் திரும்பி வந்தான். இடப்பக்கம் இழுக்கிறது என்றான். டயர்களின் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். கோளாறு டயரில் என்றால் இழுவையும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. மறுபடி வந்தான். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தேன். ஓடிவந்த கையோடு டயர் பூட்டின சில்லைத் தொட்டால் பிடிக்கிற பக்கம் சுடும். இரண்டும் ஒரே சூடுதான். மெஷினில் ஏற்றினால் எல்லா அளவும் சரியாக நின்றது. சிலருக்கு இந்த இடத்தில் எரிச்சல் வந்துவிடும், சும்மா எதையாவது முறுக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. மூன்றாவது முறை வந்தபோது, வா ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்போம் என்றேன்.

ஓடிப் பார்க்கும்போது நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இது பழக்கம். சொந்தக்காரனையே ஓட்டச் சொல்லிவிட்டு இடப்பக்க ஆசனத்தில் இருந்து அவன் கைகளைப் பார்ப்பேன். கோளாறு வாகனத்திலா ஆளிலா என்று கைகளே சொல்லிவிடும்.

வினாயகமூர்த்தி விஷயத்தில் அது ஆளில்தான் இருந்தது. சண்டைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சாரதிகள் எல்லோரும் நடுரோட்டில்தான் ஓடினார்கள். ரோட்டுக் கரையில் யார் எதைப் புதைத்து வைத்தார்களோ, யாருக்குத் தெரியும். எங்கள் ரோட்டுகளின் நடு மேடாக இருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்காக இரண்டு கரையும் சரிவாக இருக்கும். மேட்டில் ஓடுகிற வாகனம் ஒரு பக்கமும் சாயாது. சண்டை முடிந்ததும் எதிரே கொழும்பு பஸ் வருகிறது, லொறி வருகிறது, கரைக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. சரிவில் இறங்கியதும் வாகனம் இடப்பக்கம் போகப் பார்க்கிறது. உடனே அலைன்மென்ட் பிழை என்று என்னிடம் ஓடிவருகிறார்கள். அந்த வருஷம் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பயத்துக்கு ஓடிப் பழகின கைக்கு நேர் ரோட்டும் கோணலாகத்தான் தெரியும் என்பேன்.

அவனிடமும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வாவிக்கரையில் வானை நிறுத்தினான்.

"அண்ணன், வான்ல ஒண்டுமில்ல எண்டு எனக்கும் தெரியும். உங்களோட கதைக்கத்தான் திரும்பத் திரும்ப வாறன். வந்தா வாய் வருகுதில்ல."

"என்ன கதை?"

"ரதீஸ்ட சேதி ஒண்டும் இல்ல அண்ணன். முகாம் முகாமாப் போய்க் கேட்டுப் பாத்திட்டன். எப்படிப் போனான், ஆர் பக்கத்தில நிண்ட, ஒண்டும் தெரியா. கண்டவன் எவனோ ஒருத்தன் எங்கயோ உசிரோட இரிக்கான். வாய் திறக்கான் இல்ல. அவனை நினைச்சா எனக்குப் பத்தி எரியுது. மறுகா யோசிச்சுப் பாத்தன், நானும் அதைத்தானே செய்யிறன்."

நான் ஸ்டியரிங்கில் இருந்த அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேனுகாப் புள்ளைக்குச் சொல்லணும் அண்ணன். அவட தாய். எப்படிப் போன எண்டு அவவுக்குத் தெரியணும். கதிர்காமம் போய் முருகனைக் கும்பிட்டு வந்து சொல்லப் போறன். நீங்க என்னை ஏசினாலும் பரவாயில்ல."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மேனுகா அப்போது வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் கிறீஸ் பிடித்த என் சட்டைகளைத் தானே தோய்ப்பாள், எனக்குப் பிடித்த மீன் பார்த்து வாங்கிச் சமைப்பாள். சுனாமி அன்று நான் டவுனில் நின்றேன், கேள்விப்பட்டு ஓடிவந்து வாவிக்குள் இறங்கி இருட்டும் வரை அவர்களைத் தேடினேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். தாயையும் தம்பியையும் இழந்த பிள்ளைக்குத் தகப்பனாவது மிஞ்ச வேண்டும் இல்லையா. அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் இவன் தன் மனஆறுதலுக்காகப் பிடுங்கப் பார்த்தான். கொடுமை என்று ஒன்று இருந்தால் அதுதான் கொடுமை.

கராஜுக்குத் திரும்பி வந்தோம். சரி, கடைசியாக ஒன்று பார்த்துவிடுகிறேன், நீ பிளேன்டீ குடி என்று அவனை வெளியே இருத்தினேன். முன் சில்லைத் திருப்புகிற தண்டின் முனையில் ஒரு நட் இருக்கும். அது கழன்று போகாமல் குறுக்கே ஒரு சின்னப் பின் போட்டிருக்கும். அந்தப் பின்னை எடுத்தேன். நட்டைத் தளர்த்தினேன். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அதோடு நான் எழும்பி வரவில்லை. ரோட்டின் சரிவுக்கு ஈடு கொடுக்கிற மாதிரி அலைன்மென்டையும் கொஞ்சம் வலப்பக்கம் வைத்தேன். இழுவை நின்றது. முறைப்பாடு எதுவோ அதைத் தீர்த்துக் கொடுத்தேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

கராஜிலிருந்தே கோயிலுக்குப் புறப்படுகிற வாகனத்துக்குச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். கண்ணூறு கழியட்டும் என்று நானும் சம்மதித்தேன். அவன் ஸ்டியரிங்கில் இருந்தான். நான்தான் குனிந்து சில்லுகளுக்கு முன்னால் பழங்களை வைத்தேன். நல்ல சத்தத்தோடு நசுங்கின. "இப்ப நேரா ஓடுது அண்ணன்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனான்.

செங்கலடியால் திரும்பிப் பதுளை ரோட்டில் ஏறித் தனியாகப் போவான் என்றுதான் நினைத்தேன். அந்த ரோட்டில் காடு வரும், மலை வரும், ஆள் நடமாட்டம் குறைவு. வேறு எவருக்கும் ஒன்றும் நடக்கக்கூடாது என்று யோசித்துத்தான் செய்தேன். என்னைக் கண்மண் தெரியாதவன் என்று எவரும் சொல்ல முடியாது. திட்டத்தை மாற்றியவன் அவன்.

அன்று பின்னேரம் அவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணன், மனசு கேக்கல்ல. சொல்லாம முருகன்ட முகத்தில முழிக்க ஏலாது. கம்பஸுக்குப் போய்ப் புள்ளைய ஏத்திட்டன். வீட்டுக்குத்தான் கூட்டிவாறன். உங்களுக்குப் பின்னால சொல்றது சரியில்ல, முன்னால வச்சுச் சொல்றன்."

நீங்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வானை நிறுத்து, பிள்ளையை இறக்கு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பான். என்ன பதில் சொல்வது. அதோடு நான் தொழில் தெரிந்தவன். நட் எவ்வளவு இறுக்கத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஊறணி வரைக்கும் தாங்கும் என்று நம்பினேன். வந்ததும் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பின்னைத் திரும்பப் போட்டுவிட்டு, அவனோடு ஆறுதலாகப் பேசலாம் என்றும் இருந்தது. "கவனமா வா" என்றேன். அதை நீங்கள் எவரும் எழுதுவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மேனுகாவுக்கும் அது கேட்டிருக்கும். கேட்டுப் பாருங்கள்.

செங்கலடி தாண்டியதும், வயல் வட்டையை ஒட்டி வருகிற வளைவில் சில்லு தன்பாட்டில் திரும்பியிருக்கிறது. வான் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. வினாயகமூர்த்தி அந்த இடத்திலேயே முடிந்தான். மேனுகாவுக்குக் கால் முறிந்தது. அவன் அவளுக்காக மெதுவாக ஓட்டியதால்தான் பிழைத்தாள் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கிட்டப் போனேன். "போங்க" என்றாள். அப்பா என்ற சொல் வரவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, வழியில் அவள் கேட்டிருக்கிறாள், அவனால் வாயைக் கட்ட முடியவில்லை.

பின்னை எடுத்தவன் நான். அவனைக் கொல்லத்தான் எடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, நடிக்கவும் மாட்டேன். கோர்ட்டில் எந்த நீதவான் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என் பிள்ளையைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அது. எந்தத் தகப்பனும் செய்வான்.

மேனுகா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரிதான். சுனாமி அன்று வானில் இருந்த இரண்டாவது ஆள் நான்தான். ஸ்டியரிங் ஆடுகிறது என்று காலையில் கூப்பிட்டான், ஓடிப் பார்க்கப் போனோம். கடற்கரைப் பக்கம் சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. திருப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது பின்னால் தண்ணீர் கறுப்பாக எழும்பி வந்தது. கேதீஸ்வரி ஓடிவந்து என் பக்கத்துக் கண்ணாடியில் கையை வைத்தாள். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான். வினாயகமூர்த்தி பிரேக்கில் காலை வைத்தான். வான் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பாலம் தாண்டியதும் நான் இறங்கிக்கொண்டேன். இவ்வளவும் உண்மை.

ஒரே ஒரு இடம் பிழை. "நிப்பாட்டவா அண்ணன்" என்று அவன் என்னைக் கேட்டதாகவும், வேண்டாம், அவர்களை விட்டுவிட்டுப் போ என்று நான் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேனுகா அங்கே இருக்கவில்லை, அவளுக்கு என்ன தெரியும். அவன் கேட்டது உண்மை. ஆனால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று சொல்கிற மனிதன் நான் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் திருத்துங்கள், ஐயா. "ஓட்டு" என்றுதான் சொன்னேன்.