நெஞ்சுக்குள் போன ஸ்கான்

மன்னாரிலிருந்து உயிலங்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பாலம் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“மச்சாள், என்ர இருதயத்தின்ர உள்பக்கத்தை நான் என்ர கண்ணாலயே பாத்தனான்.”

கொண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்.

“மெல்லக் கதையுங்கோ,” என்றார் பக்கத்திலிருந்த மச்சாள்.

“ஏன் மெல்ல? பிள்ளைத்தாச்சியளுக்குப் பாக்கிற மாதிரி ஸ்கான்தான். அதை மெல்லிய குழாயில தொடையால விட்டு, நெஞ்சுக்குள்ளயே கொண்டுபோனவை. கொழும்பில. டொக்டர் கண்ணை மூடச் சொன்னார். மூடமாட்டன் எண்டிட்டன். குழாய் எங்க நிக்குதெண்டு ரீவியில பாத்துப் பாத்துத்தான், இருதயத்துக்குள்ள பிழையா கரண்ட் ஓடின இடத்தைச் சுட்டவை. இத்தனை வருசமா இருந்த நெஞ்சுப் படபடப்பு அதோட நிண்டிட்டுது. ஒரு கிழமை பாரம் தூக்கக்கூடாதாம், அவ்வளவுதான்.”

“நாங்கள் அதைச் சண்டைக்காலத்துப் பயம் எண்டெல்லோ நினைச்சம்.”

“ஓம், நினைச்சியள். பயந்தவள் வயல் செய்யமாட்டாளெண்டு, சண்டை முடிஞ்சு திரும்பக் கிடைச்ச என்ர காணியைக் குத்தகைக்குக் குடுக்க உங்கட மனுசன், என்ர அண்ணா, ஆளும் பாத்திட்டார்.”

மச்சாள் கைப்பையைத் திறந்து மூடினார்.

“அப்ப உங்களுக்குப் பயமே இருக்கேல்லையோ?”

“ஏன் இல்லை? அந்தப் பயத்தோடதான் ஷெல்லடிக்குள்ள மூண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஓடினனான். மூண்டும் உயிரோட இருக்குதுகள். அதை வருத்தம், நோய் எண்டு சொல்லாதேங்கோ.”

உயிலங்குளத்தில் இறங்க எழுந்தபோது ஜன்னலோரம் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்:

“உங்கட மனுசனிட்டச் சொல்லுங்கோ. வாற கிழமை உழவு மெசின் என்ர வயலுக்கு வருது. நான்தான் கூப்பிட்டனான்.”