எதிர்ப்பக்கம் சாஞ்ச புல்லு

இல்ல சார், வெயில்னு சொல்லாதீங்க. முற்றம் முழுக்கத்தான் வெயில் அடிக்குது. அந்த ஒரு துண்டு புல்லு மேல மட்டும் வெயிலுக்கு என்ன கோபம்? பாய் அகலத்துக்கு அங்க மட்டும் கருத்துப்போய்த் தெரியுதுன்னா அது வேற கதை. இருங்க, முட்டி போட்டுப் பாக்கறேன்.

ஐயோ, இதென்ன கையில ஒட்டுது? பெயின்டா? நீங்களேவா அடிச்சீங்க? சார், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நாய் கிளறினது, சிகரெட் சுட்டது, பக்கத்து வீட்டுக் கண்ணாடியில பட்டுத் திரும்பின வெயில்ல உருகினது, எல்லாம் பாத்துட்டேன். ஒரு அம்மா கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவியிருந்தாங்க. பிளாஸ்டிக் புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்ச ஆளு நீங்கதான் முதல்.

எல்லாருக்கும் ஒரே நெனப்பு, பிளாஸ்டிக்தானே, போட்டது போட்டபடி கெடக்கும்னு. மாசம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தூக்கிவிடணும். புல்லுக்கு இடையில போட்ட மணல் கொறைஞ்சா தூவணும். இணைப்பு விட்டுப்போனா ஒட்டணும். சொன்னா யாரு கேக்கறா? அப்படியே விட்டுட்டு, படுத்துப்போச்சு படுத்துப்போச்சுன்னு எனக்குப் போன் போட்டுத் திட்டறது. உங்களைச் சொல்லல, பொதுவா சொல்றேன்.

உள்ளங்கையை வெச்சு வீட்டுப் பக்கமா தடவுங்க. வழுக்கிட்டுப் போகுதா? இப்போ அந்தத் துண்டு மேல அதே மாதிரி தடவுங்க. குத்துது, பாத்தீங்களா? அவ்ளோதான் விஷயம். இந்தப் புல்லு ஒரு பக்கமா சாஞ்சுதான் வரும். மத்ததெல்லாம் வீட்டைப் பாத்துச் சாஞ்சிருக்கு, இது மட்டும் மதிலைப் பாத்துச் சாஞ்சிருக்கு. அதான் நிறம் வேறயா தெரியுது. நீங்க டப்பா டப்பாவா அடிச்சாலும் போகாது.

எவன் போட்டதா? எவனோ ஒரு மடையன் போட்டிருக்கான், விடுங்க.

ஆமா சார், தனியாத்தான் வந்தேன். ரெண்டு பேர் வேலைதான், யாரு இல்லேன்னா? ஒருத்தர் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் பசை போடணும். என் மச்சினன் இருந்தான், வீட்டுக்காரியோட தம்பி. ஒம்பது வருஷம் ஒண்ணா ஓடினோம். இப்போ ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கெடையாது. நான் ஒரு கையால பிடிச்சு, முட்டியால அமுக்கி, வாயில டேப்பைக் கடிச்சுக்கிட்டு சர்க்கஸ் காட்டறேன்.

வீட்டுலயும் நிம்மதி இல்ல. சோறு போடறா, பேசறா, சிரிக்கக்கூடச் சிரிக்கறா. தம்பிங்கற வார்த்தை மட்டும் வாயில வராது. போன வாரம் அவனுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு. இவ தனியா போய்ப் பாத்துட்டு வந்தா. வந்து கைகூடக் கழுவல, அத்தை மட்டும் வந்திருக்கீங்க, மாமா எங்கன்னு கேக்கறாங்க, நான் என்னத்தைச் சொல்றதுன்னா. அடுத்த தடவை நீங்களும் வரீங்க, இல்லேன்னா நான் அங்கயே இருந்துக்கறேன்னுட்டா. அவ சொன்னா செய்வா சார்.

சண்டையா? இதே மாதிரி ஒரு துண்டுதான். அவனுக்கு ஒரு பழக்கம். துண்டை வெட்டினதும் கவுத்துப் போட்டு, புல்லு சாயற பக்கம் பாத்து வெள்ளைப் பெயின்ட்ல ஒரு அம்பு போடுவான். கீழ ஒரு புள்ளி வெப்பான், அது அவன் கையெழுத்து மாதிரி. ஒட்டறவன் அம்பை வீட்டுப் பக்கம் திருப்பி வெச்சா போதும், தப்பே வராது. ஒரு வாத்தியார் வீட்டுல அவன் வெட்டிக் குடுத்தான், நான் ஒட்டினேன். தலைகீழா ஒட்டிக்கிச்சு. வாத்தியார் வந்து, ஏம்ப்பா இங்க மட்டும் கருப்பா இருக்குன்னாரு. இவன்தான் குறியை மாத்திப் போட்டுட்டான், எதுக்கும் லாயக்கில்லாதவன்னு அவர் முன்னாடியே கிழிச்சுட்டேன். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அம்பைப் பாத்தீங்களா மாமான்னு. வாயை மூடுடான்னேன். கத்தியைக் கீழ வெச்சுட்டுப் போனவன்தான்.

போய்க் கூப்பிடலாம்தான். சொல்றது சுலபம் சார். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?

என்னது? இன்னொருத்தரையும் வரச் சொல்லியிருக்கீங்களா? அது சரி, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் இங்க தொண்டை வத்தப் பேசிக்கிட்டிருக்கேன். யாரு அது? போனைக் காட்டுங்க, நம்பரைப் பாக்கறேன்.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. நல்லா செய்யற ஆளுதான். எத்தனை மணிக்கு வரேன்னான்? நாலுக்கா. சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துடுவான்.

சரி, அந்த ஓரத்தைப் பிடிங்க. பசையை அறுத்து விட்டுட்டேன், மெதுவா இழுங்க. அப்படித்தான். இப்போ பக்கவாட்டுல கவுத்துங்க. என்ன தெரியுது? நீங்களே சொல்லுங்க. ஆமா, அம்பு. கீழ புள்ளி இருக்கா? இருக்குமே. புல்லு எந்தப் பக்கம் சாயுது, அம்பு எந்தப் பக்கம் காட்டுது? ரெண்டும் ஒண்ணுதான். போட்டவன் சரியாத்தான் போட்டிருக்கான்.

அதான் சார். உங்களுக்கு இந்த வீட்டை வித்தாரே, அவருதான் அந்த வாத்தியார். நீங்க அனுப்பின படத்தைப் பாத்ததுமே எந்த வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. அன்னைக்கு ஒட்டி முடிச்சுத் தடவினப்பவே உள்ளங்கையில குத்துச்சு. பசை இறுகிப்போச்சு, பிரிக்கச் சோம்பல். மச்சினன்தானே, திட்டினா வாங்கிக்குவான்னு நெனைச்சேன்.

இல்ல, இப்போ ஒட்ட வேணாம். ஒட்டறதுக்கு ரெண்டு பேர் வேணும். துண்டு அப்படியே கவுந்து கெடக்கட்டும், அம்பு மேல தெரியற மாதிரி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க. உள்ள வந்ததும் அவன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டான், துண்டைத்தான் பாப்பான். நான் அது பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.