ஜெகபர் பாயும் மஞ்சள் விமானமும்

எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது, இன்ஸ்பெக்டர் மேடம். திருவானைக்காவல் போவதென்றாலும் பஸ்தான். அதிலும் பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இப்படிப்பட்டவன் விமானத்தைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினால் சிரிக்கமாட்டார்களா? எடமலைப்பட்டி புதூரில் நவநீதன் என்றால் யாருக்கும் தெரியாது. 'பைலட் வீடு' என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

விமானத்தைக் கண்டுபிடித்தவர் ஜெகபர் சாதிக் பாய். காந்தி மார்க்கெட் பக்கம் பழைய இரும்பு வியாபாரம். உலகப் போரில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்த சின்ன விமானம், போர் முடிந்ததும் அநாதையாகி, மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் தவிட்டு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

"இதை உடைக்க மனசு வரல சார். நீங்க ஃபிட்டரா இருந்தவரு, கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அதற்கப்புறம் என் மனைவியைச் சரியாகப் பார்த்ததில்லை.

என் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, வருடக்கணக்காக இருவரும் உழைத்தோம். உளுத்த மரச்சட்டங்களை மாற்றினோம், இறக்கைக்குத் துணி ஒட்டினோம், மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். பாயின் மனைவி ஹாஜிரா அனுப்பிய நெய்ச்சோற்றில்தான் என் தொப்பையும் வளர்ந்தது.

போன மாதம் பாய் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பைபாஸ் ஹோட்டல்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன் சார். என்ஜினைக் கழட்டிட்டு, வாசல்ல தூண் மேல நிறுத்துவாராம். பிள்ளைங்க உள்ள உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாமாம்!"

"நல்ல யோசனை பாய்" என்றேன். எனக்குக் கோபமே வராது. வீட்டில் கொசு அடிப்பதுகூட மனைவிதான். "கழட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை ஓட்டிப் பாத்துடுவோம்" என்று மட்டும் கேட்டேன்.

இந்த மாதிரி விமானத்துக்குச் சாவி கிடையாது. ஒருவர் உள்ளே சுவிட்சருகே உட்கார வேண்டும். மற்றவர் வெளியே நின்று முன்விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். பெட்ரோல் ஏறுவதற்காக முதலில் சுவிட்சை அணைத்துவைத்துச் சுற்றுவது வழக்கம். ஆனில் இருந்தால் கை வைத்ததுமே விசிறி சீறிக் கிளம்பிவிடும். வெளியே நிற்பவர் கண்ணுக்குச் சுவிட்ச் தெரியாது. அதனால் விசிறியைத் தொடுமுன் கேட்பார். உள்ளே இருப்பவர் பார்த்துச் சொல்வார்.

"ஆஃபா சார்?"

"ஆஃப் பாய்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒரு தலைதான் இருக்கு."

"பாத்துட்டேன், சுத்துங்க."

என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அப்படியொரு சத்தம், மேடம், உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பாயின் ஜனாஸா ஊர்வலத்தில் சந்தூக்குக்குத் தோள் கொடுத்து, அடக்கம் வரை கூடவே போனேன். அழுதது பொய்யில்லை. "விமானம் உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்று ஹாஜிரா சொன்னபோது இன்னும் அழுதேன். தங்கமான மனுஷி.

இத்தோடு விட்டிருப்பேன். நேற்று நீங்கள்தான் போன் செய்து, "சுவிட்ச் பழுது, ரிப்பேர் சரியா பண்ணல போலிருக்கு. விபத்துன்னு முடிச்சிடலாம் சார்" என்றீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விபத்து என்று எழுதுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழுது என்று மட்டும் எழுதாதீர்கள். அது நான் பிரித்து, தேய்த்து, கோத்த சுவிட்ச். ஆஃப் என்றால் ஆஃப், ஆன் என்றால் ஆன். அன்றைக்கு அதை ஆனில் வைத்துவிட்டுத்தான் பாய்க்குப் பதில் சொன்னேன்.