பின்படிக்கட்டு

முதலில் விசில் சத்தம். நீளமாக. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இடி. தரை ஒரு முறை தூக்கிப் போடுகிறது. அலமாரியிலிருந்து தட்டுகள் விழுகின்றன. நான் அடுப்பை அணைக்கிறேன். வீட்டுக்கார மதாம் ஹாலிலிருந்து ஓடுகிறாள். கையில் நாய். அவள் புருஷன் அவளுக்கு முன்னால் ஓடுகிறான். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். "ஜன்னலைச் சாத்து" என்றாள். போய்விட்டாள்.

அது எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால், அந்த நாட்டுக்காரர்கள்தான் அப்படி என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். உங்களுக்கு அந்த நிம்மதியைக் கொடுக்க நான் பிழைத்து வரவில்லை.

என் பெயர் ஜெயமேரி. புதுச்சேரி குருசுக்குப்பம். நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியும் என்பதால் அந்த வீட்டில் சமையலுக்கு எடுத்தார்கள். 'வுய் மதாம்', அதாவது சரிங்கம்மா, அது ஒன்றே போதுமாக இருந்தது. கட்டடத்தில் இரண்டு படிக்கட்டுகள். முன்னால் பளிங்குப் படி. அகலமானது. நேராகக் கீழே பதுங்கறைக்குப் போகும். அது அவர்களுக்கு. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்படி. ஒரு ஆள் போகிற அகலம். குப்பைக்கும் எங்களுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் தெரியாமல் முன்படியில் இறங்கினேன். மதாம் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் மிதித்த படிகளை என்னையே டெட்டால் போட்டுத் துடைக்கச் சொன்னாள். நாகரிகமான பொம்பளை. அன்றிலிருந்து என் கால் தானாகவே பின்பக்கம் போகும்.

குண்டு விழுந்த அன்றும் அப்படித்தான் போனது.

மேல்மாடி வீட்டில் வேலை செய்யும் கலைவாணி இறங்கி வருகிறாள். எங்கள் ஊர்ப்பக்கம், மூலக்குளத்துப் பெண். அந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள். தலை வாரிக்கொண்டிருந்தவள் பாதி பின்னிய சடையோடு வருகிறாள். "அக்கா, ஓடியா! ஓடியா!" இரண்டு பேரும் ஓடுகிறோம். அந்தப் பக்கம் முன்படி காலியாகக் கிடக்கிறது. அங்கே போகலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கீழே இரும்புக் கதவு. வெளியே பூட்டு. வேலைக்காரிகள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்று எப்போதும் போடுகிற பூட்டு. குண்டு விழுகிறது என்பதற்காக அதைத் திறந்துவைக்க யாருக்கு ஞாபகம் வரும்? கலைவாணி கதவை இடிக்கிறாள். "தொறக்கலக்கா!" நான் ஏறுகிறேன். "மேல வாடி! மேல வாடி!" அவள் கதவை விடவில்லை. விசில். ஒன்றுமில்லை. பிறகு பின்சுவர் உள்ளே வந்தது.

இடிபாட்டிலிருந்து எங்கள் இருவரையும் தூக்கினார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவளை முகத்தோடு சேர்த்துப் போர்த்தினார்கள். முன்படியில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டடத்தைக் கவனிக்கிறவன் தெருவில் நின்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்: குடியிருப்பவர்கள் அனைவரும் நலம். அவன் பொய் சொல்லவில்லை. கலைவாணி அங்கே குடியிருக்கவில்லை, வேலைதானே செய்தாள். மதாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "முன்பக்கம் வந்திருக்கலாமே. யார் உங்களைத் தடுத்தது?" என்று கேட்டாள்.

ஊருக்கு வந்ததும் மூலக்குளம் போனேன். கலைவாணியின் அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. "கதவு பூட்டியா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது புதுச்சேரியிலேயே ஓர் அடுக்குமாடியில் சமைக்கிறேன். இங்கேயும் இரண்டு லிப்ட், இரண்டு படிக்கட்டு. முன்வாசலில் பலகை: வீட்டு வேலை செய்பவர்கள் தயவுசெய்து பின்வழியைப் பயன்படுத்தவும். அந்தத் தயவுசெய்துக்கு ஒரு கும்பிடு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். கல்லூரியில் அறவியல் நடத்தியவர். ஐயா என்று சொல்லாமல் பிரெஞ்சில் 'முசே' என்று கூப்பிட்டால் பூரித்துப்போவார். குடியரசு தினத்தன்று எனக்குச் சால்வை போட்டார். போரை வென்ற பெண்மணியாம். நான் எதையும் வெல்லவில்லை. சுவர் என் பக்கம் கொஞ்சம் குறைவாக விழுந்தது. மைக்கைப் பிடித்து, மனித மாண்பில்லாமல் அறமில்லை, நீதியில்லாமல் மாண்பில்லை என்று வாய் வலிக்கப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சால்வையோடு பின் லிப்டில் இறங்கி வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் தீ ஒத்திகை. சைரன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். அடுப்பை அணைக்கிறேன். வெளியே ஓடி வருகிறேன். லிப்டுகளை நிறுத்திவிட்டார்கள். வேலை செய்கிற பெண்கள் கதவுகளைத் திறந்து வருகிறார்கள். ஆறு பேரும் பின்படிக்கு ஓடுகிறார்கள். "பின்னால போவாதீங்கடி! முன்னாடி வாங்க!" என்று கத்தினேன். செல்வி ஒருத்திதான் நின்றாள். "அங்க வந்தா திட்டுவாங்கக்கா" என்றாள். அவளும் ஓடினாள்.

நான் முன்படியில் இறங்கினேன். கீழே பேராசிரியர் தலைகளை எண்ணி முடித்திருந்தார். வந்திருந்த தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னார்: "எல்லாரும் வந்துட்டாங்க சார். யாரும் பாக்கி இல்ல."

பின்பக்கம் கதவு இடிபடுகிறது. தகரத்தில் கை படும் சத்தம். கலைவாணி இடித்த அதே வேகம்.

"முசே, பின்னால ஆறு பேரு இருக்காங்க. பூட்டத் தொறங்க."

"முன்னாடி வந்திருக்கலாமேம்மா. யாரு தடுத்தா?"

அவர் எழுதிவைத்த பலகைக்குக் கீழே நின்றுதான் கேட்டார். ஒத்திகை நேரத்தில் திருட்டு நடந்துவிடும் என்று பின்கதவுக்குப் போட்ட பூட்டின் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கையை நீட்டினேன். காறித் துப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். கொடுத்தார். போய்த் திறந்தேன். ஆறு பேரும் வியர்த்து விறுவிறுத்து வந்தார்கள். ஒத்திகைதானே என்று சிரித்தார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை கேட்டால், யார் தடுத்தது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். என் இடுப்பில்தான் இருக்கிறது.

அனைவரும் நலம் என்று அங்கே சொன்னார்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று இங்கே சொன்னார்கள். என் கணக்கு வேறு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இங்கே ஆறு பேர். அங்கே என்னையும் சேர்த்து இரண்டு பேர். மொத்தம் எட்டு. ஏழு பேர் வெளியே வந்தோம். வராதவள் கலைவாணி. மூலக்குளம். வயது இருபத்து நாலு. சடை பாதிதான் பின்னியிருந்தது.